சைபருக்குக் கீழே ஏழு

பங்குனி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, புங்கனேரியில் கலைமதியின் தக்காளிக் கொல்லை மண் காற்றைவிட அதிகமாகக் காய்ந்துபோனது. இதற்குப் பதிவு இருக்கிறது. நான்காம் பங்கு, ஈரம், சைபருக்குக் கீழே ஏழு. அன்று பாப்பிரெட்டிப்பட்டியில் தக்காளிப் பெட்டி முந்நூற்று இருபதுக்குப் போனது, வெயில் முப்பத்தெட்டு டிகிரி, சித்தேரி மலைப் பக்கம் பேருக்குக்கூட மேகம் இல்லை. கலைமதிக்கு முப்பத்தாறு வயது. சென்சாருக்கு ஓரடி தள்ளி நின்றிருந்தாள். கையில் அடிப்பக்கம் கறுத்துப்போன ஒரு தக்காளி, காதில் ஃபோன். நெருப்போ மருந்தோ மண்வெட்டியோ அவளிடம் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

மண் எப்படிக் காற்றைவிடக் காய முடியும் என்பதை நிதானமாகச் சொன்னால்தான் விளங்கும். சென்சார் என்பது ஒரு சாண் நீளத்தில் இரண்டு பல் உள்ள ஒரு கவை. மண்ணுக்குள் அழுத்தி நட்டுவிட்டால், பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் மிகச் சிறிய மின்சாரம் விட்டுவிட்டுத் துடிக்கும். நடுவில் இருக்கும் மண்ணில் ஈரம் கூடினால் துடிப்பு தாமதப்படும், குறைந்தால் விரைவாகும். தலையில் இருக்கும் சின்னப் பெட்டி அந்தத் தாமதத்தை எண்ணி, அதை ஓர் எண்ணாக மாற்றி, கால் மணிக்கு ஒருமுறை கம்பியில்லாமல் கிணற்று மேட்டுக் கம்பத்துக்கு அனுப்பும். நடுவதற்கு முன் அதற்கு இரண்டே இரண்டு பாடம் சொல்லித் தர வேண்டும். வெறும் காற்றில் தூக்கிப் பிடித்து, இது சைபர் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வாளித் தண்ணீரில் முக்கி, இது நூறு என்று இன்னொன்றை அழுத்த வேண்டும். பிறகு உலகத்தில் உள்ள மண் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். நல்ல செம்மண்ணில் தக்காளிக்கு முப்பது இருந்தால் சுகம், இருபதுக்குக் கீழே போனால் செடி வாடும், பத்தில் செத்துவிடும். சைபருக்குக் கீழே என்று ஓர் இடமே கிடையாது. காற்றைவிடக் காய்ந்த பொருள் ஒன்று இருக்கும் என்று கருவியைச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை, கலைமதியையும் அவர்களுக்குத் தெரியாது.

கிணறு பங்குக் கிணறு. எண்பதடி ஆழம், நான்கு பங்கு. தலைப் பங்கு சந்திரமோகனுடையது. அவர் கலைமதியின் கணவன் முனிராஜுக்குப் பெரியப்பா மகன், கிணற்றுக் குழுவுக்குத் தலைவர், கொல்லையில் சம்பங்கி போட்டிருந்தார். அடுத்தது ஆண்டியின் கத்தரி, அதற்கடுத்து மாதம்மாளின் மிளகாய். கடைசியில் அறுபது சென்ட், கலைமதியின் தக்காளி. முன்பெல்லாம் ஆளுக்கு ஒருநாள் என்று முறை வைத்து இறைத்தார்கள். தன் முறை வந்த நாளில் கரண்ட் போனால் போனதுதான், அடுத்தவர் ஒரு மணி நேரம்கூட விட்டுத்தர மாட்டார். அதற்காக மண்டை உடைந்திருக்கிறது, போலீஸ் வந்திருக்கிறது, ஆண்டியின் இடது புருவத்தில் இன்றும் தழும்பு உண்டு. 2023 ஆடியில் மானியத் திட்டத்தில் ஒரு கம்பெனி வந்து நான்கு கொல்லைக்கும் சொட்டுநீர்க் குழாய் ஓட்டி, ஆளுக்கொரு சென்சார் நட்டு, ஆளுக்கொரு வால்வு வைத்து, எல்லாவற்றையும் கம்பத்துப் பெட்டியோடு சேர்த்துவிட்டுப் போனது. பெட்டிக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும்: வந்திருக்கும் நான்கு எண்களில் எது சிறியது. எந்தக் கொல்லை அதிகம் காய்ந்திருக்கிறதோ அந்த வால்வைத் திறந்து மோட்டாரைப் போடும், அரை மணி கழித்து மறுபடி பார்க்கும். முறையும் இல்லை, சண்டையும் இல்லை, தாகம் எங்கே அதிகமோ அங்கே தண்ணீர்.

இதைப் பொருத்த வந்தவன் தருமபுரி டவுன் உபைத். முப்பது வயதைத் தாண்டியவன், கேட்டால் சொல்லிக்கொண்டே இருப்பான். மற்றவர்கள் மானியத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக, கலைமதி மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் ஒரு வால்வைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர்த் தட்டையும் அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கையும் காட்டினான். மின்சாரம் வந்தால் ஊசி மேலே ஏறும், தட்டு விலகும், தண்ணீர் போகும், டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்த டக் சத்தத்துக்காக அவள் அதைப் பத்து முறை போட்டுப் பார்த்தாள். இவ்வளவு நேர்மையான ஒரு பொருளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு பேர் பதியும் நேரம் வந்தது. சிட்டா யார் பேரில் என்று கேட்டார்கள். முனிராஜ் பேரில். ஆகவே செய்திகள் எல்லாம் முனிராஜின் ஃபோனுக்குப் போகும்படி பதிந்தார்கள். முனிராஜ் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். உழுதது, நட்டது, களை எடுத்தது, மருந்தடித்தது எல்லாம் கலைமதி. அவள் கொல்லை காய்ந்தால் ஓசூரில் மணி அடிக்கும்.

முதல் வருடம் மழை இருந்தது, யாருக்கும் குறை தெரியவில்லை. மறுவருடம் மாசியில் கிணறு இருபதடிக்கு இறங்கியபோது, சந்திரமோகன் தன் சென்சாரைக் கொல்லையிலிருந்து பிடுங்கி, சலித்த அடுப்புச் சாம்பல் நிறைந்த ஒரு மண்பானையில் நட்டு, பானையை மாட்டுக்கொட்டகைக் கூரைக்கடியில் வைத்தார். கம்பியில்லாத கருவியின் வசதி எங்கே வேண்டுமானாலும் நடலாம் என்பது, அதன் கேடும் அதுவே, தன்னை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. சாம்பலின் ஈரம் இரண்டு. பெட்டி பதறிப்போய்த் தலைப் பங்குக்குத் தண்ணீர் அனுப்பியது. எவ்வளவு அனுப்பினாலும் கூரைக்கடியில் இருக்கும் சாம்பல் நனையுமா, மறுபடி அனுப்பியது. ஒரே வாரத்தில் ஆண்டி மோப்பம் பிடித்துத் தன் சென்சாரைச் செங்கல் தூளில் நட்டார். மாதம்மாள் உமியில் நட்டாள். அவையும் சாம்பலும் நேரத்துக்கு ஏற்ப இரண்டு, மூன்று என்று மாறிமாறிக் காட்டின. அதன்பின் தண்ணீர் இந்த மூவரையும் சுற்றிச்சுற்றி வந்தது. சம்பங்கிப் பாத்தியில் கணுக்கால் அளவு தேங்கி, கிழங்கு அழுகி நாறியது. கத்தரிச் செடி வேர் மூச்சுவிட முடியாமல் மஞ்சளடித்தது. ஆனாலும் ஒருவரும் சென்சாரை எடுத்து மண்ணில் நடவில்லை. தன் கொல்லை அழுகினாலும் அடுத்தவன் கொல்லைக்குப் போகக் கூடாது என்பதில் மூவரும் ஒரே மனதாக இருந்தார்கள், பேசி வைத்துக்கொள்ளாமலே.

கலைமதியின் சென்சார் மட்டும் நட்ட இடத்திலேயே நின்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு. பத்தொன்பது. பதினாறு. பதினான்கு. தக்காளி காய் பிடிக்கும் காலம் அது. அந்த நேரத்தில் தண்ணீர் தடைபட்டால் வேர் சுண்ணாம்புச் சத்தை மேலே ஏற்ற முடியாது, காயின் கடைக்கோடிக்கு அது போய்ச் சேராது, அடிப்பக்கம் கறுத்து அமுங்கிவிடும். பத்துக்கு மூன்று காய் அப்படியாயிற்று. ஒருபிடி மண்ணை அள்ளி அமுக்கிப் பார்த்தாள், உருண்டையாகவில்லை, உதிர்ந்தது. வரப்பில் நடந்து போய்ப் பார்த்தால் மேல்கொல்லைகளில் தவளை கத்துகிறது. சந்திரமோகனிடம் போய்க் கேட்டாள். அவர் நிதானமாக, "மிஷினுக்கு நானும் ஒண்ணு நீயும் ஒண்ணுதாம்மா. அதுக்கு அண்ணன் தம்பி உண்டா, வஞ்சனை உண்டா? அது பொய் சொல்லாது," என்றார். வால்வைக் கையால் திறக்கும் பெட்டிக்குப் பூட்டு இருந்தது, சாவி தலைவரின் அரைஞாணில் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓசூரிலிருந்து முனிராஜ் கூப்பிட்டான். பத்து மணிச் செய்தியை அப்படியே படித்துக் காட்டினான்: உங்கள் நிலத்தின் ஈரம் பதினான்கு, உங்களைவிடக் காய்ந்த நிலங்கள் மூன்று, காத்திருக்கவும். படித்துவிட்டு, "நம்மளவிடக் காய்ஞ்சவங்க மூணு பேரு இருக்காங்களாமே கலை, கொஞ்சம் பொறுத்துக்கயேன். எதுக்கெடுத்தாலும் அவங்ககிட்டப் போயி நிக்காத," என்றான். கையில் இருந்த தக்காளியைப் பார்த்தாள். அவள் கண்ணெதிரில் மூன்று கொல்லைகளும் பளபளவென்று தண்ணீர் தேங்கி நின்றன. தன் கண், தன் கை, தன் ஆறு மாத உழைப்பு மூன்றையும் விட ஓசூர் ஃபோனில் வந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம் என்பது அவள் உள்ளங்காலில் இறங்கியது. அந்த இடத்து மண் வெளுத்தது. பதினான்கு இருந்த ஈரம் ஒன்பதாகி, ஒன்றாகி, சைபரைத் தாண்டி ஏழு படி கீழே போனது. கம்பத்துப் பெட்டி நான்கு எண்களையும் பார்த்தது. இரண்டு, மூன்று, மூன்று, சைபருக்குக் கீழே ஏழு. எது சிறியது என்பதில் அதற்குச் சந்தேகம் வரவில்லை. டக்கென்று நான்காம் வால்வு திறந்தது. பதினேழு நாளுக்குப் பிறகு கலைமதியின் குழாய்களில் முதலில் காற்றும், பிறகு துருவும், பிறகு தண்ணீரும் வந்தன.

வியாழக்கிழமை உபைத் வந்தான். ரமலான் மாதம், நோன்பில் இருந்தான், மோர் வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சென்சாரைக் கழற்றிப் புதியதை நட்டான். கலைமதி தூரத்தில் இருக்கும்போது அது பதின்மூன்று காட்டியது. அவள் பக்கத்தில் வந்து நடந்ததைச் சொல்லச் சொல்ல இறங்கிக்கொண்டே போய் சைபருக்குக் கீழே ஒன்பதில் நின்றது. அவன் பதறவில்லை. முறைப்படி போகிறவன் அவன். ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சென்சாரை அதில் முக்கி, நூறு வருவதைப் பார்த்துக்கொண்டு, டம்ளரை அவள் கையில் கொடுத்தான். "அக்கா, சந்திரமோகன் அண்ணன் என்ன சொன்னாருன்னு இன்னொரு வாட்டி சொல்லுங்க." அவள் சொன்னாள். நூறு, அறுபத்து நான்கு, இருபது, சைபர், கீழே எட்டு. டம்ளரின் அடியில் உப்புக் கோடு மட்டும் வெள்ளையாக இருந்தது. உபைத் தன் குறிப்பேட்டில், கருவியில் பழுதில்லை என்று எழுதினான். காரணம் என்ற கட்டத்தில், நில உரிமையாளரின் மனைவி கோபமாக உள்ளார் என்று எழுதினான். கலைமதி எட்டிப் பார்த்து அதைப் படித்தாள். நில உரிமையாளரின் மனைவி என்ற இடத்துக்கு வந்தபோது கீழே பதினைந்து ஆனது.

இந்த வரத்துக்கு விலை உண்டு என்பதை அவள் இரண்டே நாளில் தெரிந்துகொண்டாள். கோபம் அவளைச் சுற்றி ஆறடிக்குப் பாய்ந்தது. அந்த ஆறடிக்குள் இருந்த நாற்பது தக்காளிச் செடிகள் ஒரு மணி நேரத்தில் வைக்கோலாகிவிட்டன. பிள்ளையைப் போல் வளர்த்த செடிகள். அவற்றைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு, காலால் அளந்து ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள். கோபப்படுவதாக இருந்தால் இந்த வட்டத்துக்குள்தான், கொல்லையின் மற்ற இடத்தில் கால் வைக்கும்போது மனதை வேறெதிலாவது திருப்பிக்கொள்ள வேண்டும். வட்டத்து மண் மாலைக்குள் தானாகப் பதினான்குக்குத் திரும்பிவிடும், ஆகவே தினமும் புதிதாகக் கோபப்பட வேண்டியிருந்தது. அதற்குப் பஞ்சமில்லை. புதன்கிழமை அவள் சிட்டாவை நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை, குழுக் கூட்டத்தில் அவள் பேச எழுந்தபோது எல்லோரும் டீ வாங்கப் போன நாளை நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை, மருந்துக் கடையில் அவள் கேட்ட கேள்விக்கு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த முனிராஜைப் பார்த்துப் பதில் சொன்ன கடைக்காரனை நினைத்துக்கொண்டாள். தினமும் பத்தே காலுக்கு வட்டத்தில் நிற்பாள், டக் சத்தம் கேட்டதும் விலகிவிடுவாள். மூன்று மணி நேரத் தண்ணீர் வரும். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மூன்று மணி நேரம்தான் அவளுடைய நியாயமான பங்கு.

விஷயம் தெரிந்தபின் மேல்கொல்லைக்காரர்கள் சும்மா இருப்பார்களா. சந்திரமோகன் தன் மாட்டுக்கொட்டகையில் சாம்பல் பானைக்கு முன்னால் நின்று கோபப்பட்டுப் பார்த்தார். மாட்டைத் திட்டினார், அரசாங்கத்தைத் திட்டினார், கடைசியில் பானையையே திட்டினார். சாம்பலின் ஈரம் இரண்டிலிருந்து நான்காக ஏறியது, அவருடைய எச்சில் தெறித்ததால். ஆண்டி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு செங்கல் தூளை முறைத்தார். அவர் மனைவி பார்த்துவிட்டு, வயிறு கியிறு சரியில்லையா என்று கேட்டாள். மூவரும் கூடிப் பேசி, தங்களுக்குக் கோபம் வராவிட்டால் போகிறது, அவளுக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முனிராஜ் ஒரு பச்சைச் சேலையோடு வந்து இறங்கினான், திங்கட்கிழமைக்கு லீவும் போட்டிருந்தான். யார் சொல்லி வந்தான் என்று அவன் சொல்லவில்லை. கொல்லையைச் சுற்றிப் பார்த்து, "உன்னாட்டம் யாரும் தக்காளி வெக்க முடியாது கலை," என்றான். பதினோரு வருடத்தில் அவன் அப்படிச் சொன்னதில்லை. சந்திரமோகன் வீட்டிலிருந்து பருப்பும் வெல்லமும் வைத்த ஒப்பட்டு வந்தது. அடுத்த கூட்டத்தில் அவளைத் துணைத் தலைவி ஆக்குவதாகச் செய்தி வந்தது. மாதம்மாள் தினமும் பத்து மணிக்கு வெற்றிலைப் பையோடு வந்து வரப்பில் உட்கார்ந்தாள். ஐம்பது வயதுக்காரி, புங்கனேரியில் அவளைப்போல் சிரிக்க வைக்க ஆள் கிடையாது. "ஏன்டி கலை, உங்க மாமன் மூஞ்சியப் பாத்தியா? சம்பங்கி வாசம் புடிக்கலாமுன்னு பூ வாங்கறவன் வந்தான். சாக்கடை நாத்தம் தாங்காம துண்ட மூக்குல கட்டிக்கினு பைக்க எடுத்தவன், தீர்த்தமல வரைக்கும் திரும்பிக்கூடப் பாக்கலியாம்." கலைமதி வயிறு வலிக்கச் சிரித்தாள். மூன்று நாள் சந்தோஷமாக இருந்தாள். அந்த மூன்று நாளும் வட்டத்தின் ஈரம் பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று. நான்காம் வால்வு திறக்கவில்லை. புதன்கிழமை காலை, பூக்கள் காம்போடு உதிர்ந்து செடிக்கடியில் மஞ்சளாகக் கிடப்பதைப் பார்த்தபோதும், முனிராஜ் வாங்கிவந்த சேலையின் நினைவில் அவளுக்குச் சட்டென்று ஒன்றும் உறைக்கவில்லை.

மாதம்மாள் அதைக் கெடுத்தாள், அதுவும் பிரியத்தினால். உதிர்ந்த பூவைப் பார்த்து அவளுக்கே மனம் கேட்கவில்லை. குனிந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, "பாவி மவளே, நீ ஒருத்திதான் இன்னும் மண்ணுலயே நட்டு வெச்சிருக்க. பொழைக்கத் தெரியாதவளா இருக்கியே. எங்க வூட்டுல உமி மூட்டையா கெடக்கு, ஒரு பானை தரேன் வா," என்றாள்.

"எதுக்குக்கா பானை?"

"எதுக்கா? சென்சாரு நடத்தான். உங்க மாமன் சாம்பல்ல, ஆண்டி செங்கப்பொடியில, நான் உமியில. மூணு பேரும் மாசியிலயே பானைக்கு மாறிட்டோம். நீ வேற, மிஷினு மிஷினுன்னு அதக் கும்புட்டுக்கினு இருக்க!"

மாதம்மாளின் வாயிலிருந்த வெற்றிலை பொடியாகி உதிர்ந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சென்சார் சைபருக்குக் கீழே முப்பத்தொன்று என்று அனுப்பியது. மூன்று நாள் சிரிப்பும் ஒப்பட்டும் சேலையும் எதற்காக வந்தன என்பது கலைமதிக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. திருடியது பெரிதில்லை என்று அவளுக்குப் பட்டது. அவள் உபைத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்து, இது ஒன்றாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் என்று நம்பினாளே, அந்த நம்பிக்கையைப் பானையில் போட்டுக் கூரைக்கடியில் வைத்துவிட்டார்கள். நம்பியதற்காக அவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்கிறார்கள். டக்கென்று வால்வு திறந்தது. அவள் காதில் விழவில்லை. வட்டத்தைவிட்டு வெளியே வந்து மேற்கே நடந்தாள்.

மாதம்மாளின் மிளகாய் வழியாக, ஆண்டியின் கத்தரி வழியாக, சந்திரமோகனின் சம்பங்கிக்குள் நடந்தாள். அவள் நடந்த தடத்தில் ஆறடி இந்தப்பக்கம் ஆறடி அந்தப்பக்கம் சேறு செங்கல்லாக இறுகியது. தவளைகள் தத்தித்தத்தி ஒதுங்கின. மாட்டுக்கொட்டகைக்குள் போய்ப் பானையை இறக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணற்று மேட்டு மோட்டார் ரூமுக்கு வந்தாள். மாதாந்திரச் சோதனைக்கு வந்திருந்த உபைத் அங்கே பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் பானையை இறக்கினாள். பின்னாலேயே சந்திரமோகன் ஓடி வந்தார், ஆண்டி வந்தார், வாயைப் பொத்தியபடி மாதம்மாளும் வந்தாள்.

சந்திரமோகன் மூச்சு வாங்க, "அது வந்தும்மா, பூனை பேலறதுக்கு வெச்ச சாம்பலு," என்றார்.

"பூனைக்கி மெசேஜு வருதுங்களா மாமா?"

ஆண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலைமதி திரும்பிப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த ஈரத் துண்டு மொடமொடவென்று அப்பளமாக நின்றது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் செங்கல் தூள் பானையை எடுத்துவர வீட்டுக்கு நடந்தார், யாரும் சொல்லாமலே.

கலைமதி கத்தவில்லை. அவளுடைய குரல் எப்போதையும்விடத் தாழ்வாகவே இருந்ததாக உபைத் பிறகு சொன்னான். "மூணு சென்சாரும் நட்ட எடத்துல போவணும். இன்னைக்கே. வால்வுச் சாவி எங்கிட்ட இருக்கணும். மெசேஜு எம் பேருக்கு, எம் ஃபோனுக்கு வரணும்."

சந்திரமோகன் மற்ற இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, மூன்றாவதுக்கு மட்டும் தலைவருக்குரிய பொறுமையோடு, "சரிம்மா, ஆனா சிட்டா முனிராஜு பேர்லதான இருக்குது, சட்டமுன்னு ஒண்ணு," என்று தொடங்கினார். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, பெரிய பாத்திரத்திலிருந்து ஒருவாய் உறிஞ்சியதுபோல. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் ஒரு படி இறங்கியிருந்தது. மேல்படி நனைந்த தடம்கூட இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. கிணற்றையும் அவளையும் சந்திரமோகன் இரண்டு முறை மாறிமாறிப் பார்த்தார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, விரல்கள் வறண்டு முடிச்சு வழுக்கியது. உபைத் அங்கேயே முனிராஜைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டான். முனிராஜ் கேள்வி முடிவதற்குள் சரி என்றான். ஃபோன் பிடித்த உள்ளங்கை ஓசூரில் பாளம்பாளமாக வெடித்திருந்ததை அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டினான். கலைமதி எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள், தடவிவிடவில்லை.

அன்று மாலைக்குள் மூன்று சென்சாரும் மண்ணுக்குத் திரும்பின. தேங்கிய நீரில் நின்ற அவை எழுபது, எழுபத்தாறு, அறுபத்தெட்டு என்று காட்டின, அதைப் பார்க்க அவற்றின் சொந்தக்காரர்களுக்கே வெட்கமாக இருந்தது. ஒன்பது நாள் அந்த மூன்று வால்வுகளும் திறக்கவில்லை. மூன்று கொல்லைகளும் மூச்சுவிட்டுத் தேறின. சம்பங்கியில் பாதிதான் பிழைத்தது, பிழைத்த பாதியும் கலைமதி நடந்துபோன தடத்தின் ஓரத்தில் இருந்தது. கலைமதி தன் சென்சாரை வட்டத்திலிருந்து பிடுங்கிக் கொல்லையின் நட்டநடுவில், தன் கோபம் எட்டாத இடத்தில் நட்டாள். நியாயம் கேட்டவள் நியாயமாகத்தான் நடந்தாக வேண்டும். நாற்பது செடி போக மிச்சத்தில் பதினான்கு பறிப்பு எடுத்தாள். கடைசிப் பறிப்புவரை காய் அடி கறுக்கவில்லை.

கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டதால் கோபம் அடங்கிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடங்கவில்லை. அவளும் அடக்க முயலவில்லை, அதற்கென்று எதுவும் செய்யவுமில்லை. பறிப்பு முடிந்து, அடுத்த நடவும் முடிந்து, ஐப்பசி மழை கொட்டியபோதும் அந்த ஆறடி வட்டம் வெளுத்தே கிடந்தது, மழைத்துளி விழுந்த இடத்தில் புழுதி எழும்பியது. அந்த வட்டத்தில் உபைத் தனியாக ஒரு சென்சார் நட்டான். கம்பெனி முதலில் எண் வரம்புக்கு வெளியே உள்ளது, கருவியை மாற்றவும் என்று மூன்று முறை எழுதியது, உபைத் மூன்று முறை மாற்றினான். நான்காம் முறை அவர்கள் அளவுகோலை மாற்றினார்கள். இப்போது அது சைபருக்குக் கீழே ஐம்பதிலிருந்து தொடங்குகிறது. உபைத் வட்டத்துச் சென்சாரை வரைபடத்தில் ஐந்தாம் பங்காகச் சேர்த்தான். அதற்கு வால்வு கிடையாது, குழாய் கிடையாது. உரிமையாளர் என்ற இடத்தில் கலைமதி என்று எழுதினான். மற்ற நான்கைப் போலவே அதுவும் கால் மணிக்கு ஒருமுறை தன் எண்ணை அனுப்புகிறது.

புங்கனேரியில் இப்போது காலையில் மோட்டார் ஓடத் தொடங்குமுன், வானத்தைப் பார்ப்பதுபோல, ஐந்தாம் பங்கைப் பார்த்துக்கொள்கிறார்கள். கீழே நான்கு, ஐந்து என்றால் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். போன வெள்ளிக்கிழமை கீழே பதினெட்டு இருந்தது. யார்மேல், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டி மட்டும் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொல்லைக்குள் இறங்கி, தன் சென்சாரை இன்னும் இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணுக்குள் அழுத்தி, சுற்றிலும் காலால் மிதித்து இறுக்கிவிட்டு, டீ குடிக்கப் போனார்.